மியோராவுக்கு ஒரு படுக்கை

சிகிஷ்வாரா,
15 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அக்லாயா,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. மகளை அடக்கம் செய்த நான்காம் நாளே சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நன்றாகத் திட்டு. ஆனால் நாற்பது நாளும் உயிர் தான் நடந்த இடங்களையெல்லாம் சுற்றும் என்று நீதானே சொல்வாய்? மியோராவுக்குப் பன்னிரண்டு வயதில் முன்பு ரொட்டி ஏற்றிய இதே பழைய வண்டியில் மெத்தை போட்டு, இந்தக் கோட்டை ஊர்களுக்கெல்லாம் கூட்டி வந்தேன். அவள் வீட்டுக்கு மட்டுமா வருவாள்? வழியிலும் யாராவது இருக்க வேண்டாமா?

இன்று மணிக்கூண்டில் ஏறினேன். தவறுதலாக இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். வாசலில் இருந்த அம்மாள் விடவில்லை.

"இன்னொரு ஆள் எங்கய்யா?"

"எம் பொண்ணு. பின்னால மெதுவா வர்றா."

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நாலு படி ஏறினா மூச்சு வாங்குது" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு மேலே போய் அழுதேன்.

அடுத்துப் போகும் ஊரான சிபியுவின் தபால் நிலையத்துக்கு எழுது. வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
நெகுலாய்

*

வீடு,
21 ஆகஸ்ட்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்ததே போதும். பக்கத்து வீட்டு ப்ரோஃபிரா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "உன் புருஷன் எங்கடி?" என்று தினமும் கேட்கிறாள். "கோட்டை பாக்கப் போயிருக்காரு" என்றேன். "இப்பவா?" என்றாள்.

அவள் வந்தால் குடிக்க ஜன்னலில் தண்ணீரும், முகம் துடைக்கத் துண்டும் வைக்கிறேன். காலையில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வெயில் குடித்திருக்கும் என்பீர்கள்.

செப்டம்பர் பத்தாம் தேதிதான் நாற்பதாம் நாள். அவள் படுக்கையை அவள் பேரைச் சொல்லி ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாக வேண்டும். இங்கே கொடுக்காதது அங்கே அவளுக்கு இருக்காது. தச்சன் மகள் தோரினா வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள். மியோரா உயரம்தான். மெத்தை, கம்பளி, தலையணை மூன்றும் உங்கள் வண்டியில் இருக்கின்றன. எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அக்லாயா

*

சிபியு,
29 ஆகஸ்ட்

அன்புள்ள அக்லாயா,

வழியில் பியெர்தான் ஊரின் தேவாலயக் கோட்டையில், பிரிய நினைத்த புருஷன் பெண்டாட்டியை அந்தக் காலத்தில் பூட்டி வைத்த அறையைப் பார்த்தேன். ஒரே கட்டில், ஒரே கரண்டி. நம்மை அடைத்திருந்தால் நீ கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு எனக்கே ஊட்டிவிட்டிருப்பாய்.

விளையாட்டு போகட்டும். தலையணையில் அவள் முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில்தான் தலை வைத்துப் படுக்கிறேன். இதை இன்னொருத்தி தலைக்கு எப்படிக் கொடுப்பேன்?

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் நான் ஓடாமல் நின்ற வண்டியைப் பழுது பார்த்துக்கொண்டு அதன் அடியில் கிடந்தேன். ஒரே ஒரு தடவைதான் வந்து பார்த்தேன். வண்டி ஓடிவிட்டால் அவளும் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். வண்டி ஓடிய அன்று காலையில்தான் அவள் போனாள். என்னைத் தேடினாளா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. நீயும் சொல்லாதே.

அடுத்தது ஹுனெத்வாரா. அங்கிருந்து நேராக வீடுதான்.

நெகுலாய்

*

வீடு,
3 செப்டம்பர்

அன்புள்ளவருக்கு,

முடியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் கேட்கவில்லை. தலையணையைக் கொடுத்துவிடுங்கள். தலையணை இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது, உங்களுக்குத் தெரியாதா?

கல்லறைக்கு இந்தப் பக்கம் நின்று ஒருவர் நீட்ட வேண்டும், அந்தப் பக்கம் நின்று அந்தப் பெண் வாங்க வேண்டும். நீட்டுவது நீங்களாக இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு வராததைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அன்றைக்கு மட்டும் என் பக்கத்தில் நில்லுங்கள். எனக்குத் தனியாக நிற்க முடியாது.

அக்லாயா

*

ஹுனெத்வாரா,
10 செப்டம்பர்

அக்லாயா,

நேற்றுக் கிளம்பினேன். பாதி வழி வந்து திரும்பிவிட்டேன். படுக்கையைக் கொடுக்க மனம் வரவில்லை. இன்று கோட்டைப் பாலத்தருகே மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வண்டியிலேயே இருக்கிறேன். படுக்கை பத்திரமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

நெகுலாய்

*

வீடு,
15 செப்டம்பர்

நெகுலாய் அவர்களுக்கு,

பத்தாம் தேதி மதியம் வரை காத்திருந்தோம். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் பாதிரியார், "வந்துட்டாரு போல இருக்கும்மா" என்று திரும்பிப் பார்ப்பார். கடைக்கு ரொட்டி கொண்டுவரும் வண்டி, பால் வண்டி, பள்ளிக்கூட வண்டி எல்லாம் வந்தன. கோதுமைப் படையல் காய்ந்துபோனது. தோரினா பாவம், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே நின்றாள்.

கடைசியில் வீட்டுக்கு ஓடி, நம் கட்டிலிலிருந்த மெத்தையையும் போர்வையையும் தலையணைகளையும் எடுத்து வந்து நானே நீட்டினேன். நம் கல்யாணத்துக்கு என் அம்மா தைத்துக் கொடுத்தவை. மகள் அங்கே வெறுந்தரையில் படுக்கக் கூடாது. அவளுக்கு இப்போது படுக்கை இருக்கிறது. எனக்குத் தரை போதும். உங்களுக்கு வண்டி இருக்கிறது, அதிலேயே இருந்துகொள்ளுங்கள். இங்கே வர வேண்டாம்.

உங்களைத் தேடினாள். தினமும் தேடினாள். கதவு திறக்கும்போதெல்லாம், "அப்பாவா?" என்பாள். கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தேடினேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, தாங்க மாட்டாரு" என்றாள். சரி என்றேன்.

நீங்கள் அன்று வந்து நின்றிருந்தால் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன்.

அக்லாயா