முதுகோடு முதுகு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதக் கை கூசுகிறது. மூன்று வாரமாக உன் போனை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி பொய் சொல்வேன், அதனால்தான் கடிதம்.

அன்று மேடைக்குப் போகுமுன் வழக்கம்போல முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தோமே. நீ வெந்நீரில் கை நனைத்துத் துடைத்து, கண்ணை மூடி, வயலின் இல்லாமலே முழுப் பாட்டையும் மடியில் விரலால் வாசித்தாய். நானும் பியானோ வாசிப்பதுபோல் முழங்காலில் தட்டினேன். சும்மா தட்டினேன் அக்கா. நடுப்பகுதி எனக்கு மனப்பாடமே இல்லை. "ரயில்லயே மனசுக்குள்ள நூறு தடவ வாசிச்சுட்டேன்" என்று உன்னிடம் அளந்தேன். வழிநெடுகத் தூங்கினேன்.

மேடையில் நடுப்பகுதி வந்ததும் என் கை நின்றுவிட்டது. உடனே நீயும் நிறுத்தி, "மன்னிக்கணும், என் தந்தி இறங்கிடுச்சு" என்று எல்லோரிடமும் சொல்லி, சரியாக இருந்த தந்தியைத் திருகினாய். திருகிக்கொண்டே, கடைசிப் பகுதிக்குப் போ என்று முணுமுணுத்தாய்.

நீ தயாராகாமல் வந்ததாகப் பத்திரிகையில் எழுதினார்கள். உன் அடுத்த கச்சேரியையும் அரங்கத்தார் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

உன் வாலு

மார்ச் 11

என் வாலுக்கு,

நீ போனை எடுக்காததற்கு அம்மா என்னைத்தான் திட்டுகிறாள், முதலில் அவளைக் கூப்பிடு.

நீ சும்மா தட்டியது அப்போதே தெரியும். உண்மையாக வாசிக்கிறவன் பாட்டில் ஓர் அடி முடிகிற இடத்தில்தான் மூச்சு விடுவான். உன் முதுகு கண்ட இடத்தில் ஏறி இறங்கியது. தெரிந்தும் "போலாமா" என்று எழுந்தேன். வேறு பாட்டு வைத்திருக்கலாம். ஆனால் இந்தப் பாட்டில்தான் எனக்குக் கைதட்டல் விழும், ஆசை விடவில்லை. எனக்கும் வெட்கம்தான்.

அரங்கத்துச் செயலாளருக்கு இதையெல்லாம் எழுதினாயா? எனக்கு எழுதுவது சுலபம்டா.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிவிட்டேன், நகல் இதனுடன். இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். அவற்றில் தலைவலி, ரயில் என்று சாக்கு இருந்தது. இதில் இல்லை. கச்சேரி திரும்பக் கிடைத்தால் பியானோவுக்கு வேறு ஆளை வைத்துக்கொள். கோபமாகச் சொல்லவில்லை.

தினமும் காலையில் வெந்நீரில் கை நனைத்து, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, நடுப்பகுதியை முழங்காலில் வாசிக்கிறேன். நேற்று எங்கேயும் நிற்காமல் வந்தது. சந்தோஷத்தில் "போலாமாக்கா" என்று திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

உன் வாலு