சிவப்பு நூலை அவிழ்க்காதே

ஒரத்தநாடு
தை 24

செல்வ மகள் வள்ளியம்மைக்கு, பெறாவிட்டாலும் வளர்த்த உரிமையில் சித்தப்பா காயாரோகணம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் இரண்டு காளைகளும் சுகமாக இருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே ஒரு கார்டு போடவும். உன் புல்லாங்குழல் அந்த ஊர் வறட்சியில் நெடுக வெடித்துவிட்டது, பங்குனியில் ரேடியோ நிலையத்தில் தேர்வு இருக்கிறது, புதுக்குழல் கைக்குப் பழக நாளாகும், யாராவது வாசித்துக் கனிந்த பழைய குழலாகப் பார்த்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். இந்தத் தேர்வு தவறினால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சித்தி, விஷயம் தெரிந்த ஆளை அனுப்புங்கள் என்றாள். இத்தனை வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவனுக்கு ஒரு மூங்கிலைப் பார்த்து வாங்கத் தெரியாதா என்று நானே கிளம்பிவிட்டேன்.

பாபநாசத்தில் நாகரத்தினம் என்று ஒரு பெரியவர், கோயில் கச்சேரி எல்லாம் வாசித்தவர், முன்பல் விழுந்ததும் காற்று பிடிபடாமல் போய்க் குழலை ஓரங்கட்டிவிட்டவர். மாட்டுக்குப் பல் பார்த்து வாங்கிய எனக்கு, விற்கிறவருக்குப் பல் இல்லாத வியாபாரம் இதுதான் முதல். குழலை முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், தட்டினேன், முகர்ந்தேன், மாட்டுக்குப் பார்ப்பது போலக் கெட்ட சுழி ஏதும் இருக்கிறதா என்று தடவினேன். பிறகு மாட்டுச் சந்தை வழக்கப்படி துண்டைப் போட்டு அதற்கடியில் அவர் விரலைப் பிடித்து விலை பேசினேன், அவர் நாடி பார்க்க வந்த வைத்தியன் என்று நினைத்து நாக்கையும் நீட்டினார். எப்படியோ படிந்தது. ஊதிப் பார்க்கிறீர்களா என்றார், சந்தையில் காளையை ஏர் பூட்டியா பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வழியில்தான் வினை. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை, மிராசுதார்கள் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கவே செங்கொடியோடு ஊரே ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. கழக ஆட்சி வந்தால் வரப்புச் சண்டை தீரும் என்று மேடைக்கு மேடை நான் பேசியது உனக்குத் தெரியும், அதை அங்கே யாரும் ஞாபகம் வைத்திருக்காதது என் அதிர்ஷ்டம். இருநூறு போலீஸ் நின்றது. (சித்தி எட்டிப் பார்த்து, காலையில் இருபது என்றீர்களே என்கிறாள்.) பஸ்ஸை நிறுத்திய ஏட்டு என் கக்கத்தில் இருந்ததைப் பார்த்து என்ன கம்பு என்றார். கம்பில்லை, புல்லாங்குழல், நான் வித்துவான் என்று வாய் முந்திக்கொண்டது. அப்படியானால் வாசியுங்கள் என்றார். மூச்சைக் கட்டி ஊதினேன், உஸ் என்றதே தவிர ஒன்றும் வரவில்லை. முன்வரிசையில் அரிவாளோடு உட்கார்ந்திருந்த காளியம்மாள் என்கிற அம்மாள், “வித்துவான விட்டுடுங்க ஏட்டய்யா, எங்க மிராசுதாரு பேச்சு மாதிரி வெறுங்காத்துதான் வருது” என்றது. கொடி பிடித்தவர்களும் சிரித்தார்கள், போலீசும் சிரித்தது, அன்றைக்கு இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் நான்தான்.

எனக்கா ஊதத் தெரியாது, குழலில்தான் கோளாறு என்று வீட்டுக்கு வந்து ஆராய்ந்தேன். நடுவில் அகலமாகச் சிவப்புப் பட்டு நூல் சுற்றியிருந்தது. மாட்டின் கழுத்தில் புதுசாக மணிப்பட்டை கட்டியிருந்தால் அதற்கடியில் புண் இருக்கும், நானே எத்தனை மாட்டுக்குக் கட்டி விற்றிருக்கிறேன். நூலை அவிழ்த்தேன், அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். உன் தேர்வையே கெடுக்கப் பார்த்தானே கிழவன் என்று மறுநாள் விடிந்ததும் பாபநாசம் போய் வாசலில் நின்று கத்தினேன். அவர் குழலை வாங்கிப் பார்த்தார், கோபப்படவில்லை. விரிசல் அவர் இளவட்டமாக இருந்தபோதே விட்டதாம், அந்தக் கட்டோடுதான் அத்தனை கச்சேரியும் வாசித்தாராம். “கெட்டியாத்தாங்க இருந்துச்சு. அவுத்தது நீங்கதானே” என்றார். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் என் மேலேயே திரும்பிவிட்டது.

அவருக்குக் கை நடுக்கம், இறுக்கிக் கட்ட வராது. சாட்டைப் பிடிக்கு நூல் சுற்றுவதில் இந்தத் தாலுகாவில் எனக்கு இணை கிடையாது, இது ஒன்றாவது நிஜம். அவர் மெழுகு தேய்த்துக் கொடுக்க, இழை இழையாக நெருக்கிச் சுற்றினேன். சோதிப்பதற்கு அவர் விரலாலும் உள்ளங்கையாலும் துளைகளை எல்லாம் மூடிக்கொண்டார், நான் ஊதுகிற துளையில் வாயை வைத்து உறிஞ்சினேன், உதட்டைப் பிடித்து இழுத்தது, காற்றுக் கசிவில்லை. அடுத்தது ஊத வேண்டும். அவருக்கு விரல் உண்டு, பல் இல்லை. எனக்குப் பல் உண்டு, வேறொன்றும் இல்லை. அவர் என்னை ஒட்டி உட்கார்ந்து துளைகளில் விரல் வைத்துக்கொண்டு, “முட்டி ஊதாதீங்க, சுடுகஞ்சிய ஆத்துற மாதிரி ஊதுங்க” என்றார். ஆற்றினேன். வந்தது வள்ளி, ஒரு சத்தம், உரல் மாதிரி இருக்கிற என் உடம்புக்குள்ளிருந்தா வந்தது என்று எனக்கே சந்தேகம். அவர் விரலை எடுக்கவில்லை. ஒன்றைத் தூக்கினார், சத்தம் மாறியது, இன்னொன்றைத் தூக்கினார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். தலை சுற்றி நான் தூணில் சாய்கிற வரை விடவில்லை. அப்புறம் தன் துண்டாலேயே குழலைத் துடைத்துக் கொடுத்து, “இனிமே அந்தப் பொண்ணு ஊதட்டுங்க” என்றார்.

லீவு முடிந்து டெல்லிக்குத் திரும்பும் பட்டாளத்துக்காரர் ஹபீப் முகம்மது கையில் கொடுத்தனுப்புகிறேன், ஊதவோ அவிழ்க்கவோ கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வாசித்து முடித்ததும் ஒரு குச்சியில் மெல்லிய துணியைச் சுற்றி உள்ளே ஈரத்தைத் துடைத்துவிடு. வெயிலிலும் குளிர்காய மூட்டும் கணப்புப் பக்கத்திலும் வைக்காதே. எப்போதாவது துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு உள்ளே தடவு, நீ தலைக்கு வைப்பது போல ஊற்றாதே. மாவு மாதிரி உதிர்ந்தால் பூச்சி விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போதே எழுது. நான் பாபநாசத்தில் கச்சேரி செய்ததாக ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது, யார் கிளப்பினார்கள் என்று விசாரிக்காதே, யாராவது கேட்டால் பாதி உண்மை என்று சொல்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, குளித்ததும் ஈரத் தலையோடு வெளியே போகாதே, பஞ்சநதீஸ்வரர் கிருபையில் நீ நினைத்தது நடக்கட்டும். தேர்வானதும் உன் வாசிப்பு என்றைக்கு எத்தனை மணிக்கு என்று மறக்காமல் எழுது. நாகரத்தினம் அய்யாவைப் பஞ்சாயத்து ரேடியோவுக்குப் பக்கத்தில் கூட்டிவந்து உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கைத்தடியை எடுத்து வருகிறேன், அதில் விரல் வைத்துக்கொள்கிறேன் என்கிறார். காற்றை நீ கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்
காயாரோகணம்