தம்பிக்கும் சொல்ல வேண்டும்

பிப்ரவரி 11
பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் வயிற்றுக்குள் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறதாம். எனக்கு வலியே இல்லை. காலையில்கூட மாவு மூட்டையைத் தூக்கி மேசையில் வைத்தேன். அதைச் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.
“இனிமே ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாதும்மா. வெடிச்சிடுச்சுன்னா காப்பாத்துறது கஷ்டம்.”

பிப்ரவரி 13
நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, இவர் மாவு பிசைகிறார். கல்யாணமான நாளிலிருந்து பேக்கரியில் கல்லாவை விட்டு நகராத மனுஷன்! இன்றைய ரொட்டியை எறிந்தால் மண்டை உடையும்.
“புது ஆள் போட்டீங்களா?” என்றார் வாடிக்கையாளர் ஒருவர்.
“ஆமா, சம்பளம் கேக்காத ஆளு.”

பிப்ரவரி 17
வயிற்றைத் திறந்து, வீங்கிய இடத்தில் செயற்கைக் குழாய் வைத்துத் தைப்பார்களாம். பிழைக்காமல் போகவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு என்பதை சர்ஜன் மறைக்கவில்லை. அந்தம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது. கிளம்பும்போது கேட்டார்: “கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? இது குடும்பத்துல வரலாம். அவங்களும் ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்.”
இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.
தம்பி. அம்மா செத்த வீட்டில் என்னோடு முறைத்துக்கொண்டு போனவன். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

பிப்ரவரி 19
போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20
என்ன வீம்பு இது? வெல்டிங் பட்டறையில் நாள் முழுக்க இரும்பு தூக்குகிறவன். நான் வாயை மூடிக்கிட்டிருந்து அவன் அங்கேயே விழுந்துட்டா — ஐயோ, எழுதவே கை வரல.
கூப்பிட்டேன்.
“யாரு?”
“அக்காடா.”
பின்னால் இரும்பு அறுக்கும் சத்தம். நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன்.
“எனக்கு ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கேன்.”
“நானும் அப்படித்தான்டா இருந்தேன்.”
வைத்துவிட்டான்.

பிப்ரவரி 26
நாளை ஆபரேஷன். இவர் என் நகங்களை வெட்டிவிட்டார்.
“பயமா இருக்கா?”
“உங்க ரொட்டியத் தின்னே பொழைச்சிட்டேன். இது என்ன?”
சிரித்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் வரவில்லை.

மார்ச் 3
இருக்கிறேன்.

மார்ச் 6
இருமினால் தொலைந்தேன். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டல். காரணமில்லாமல் அழுகை. நர்ஸ், கதவு வரை நடக்கச் சொல்கிறாள். கதவு எங்கேயோ இருக்கிறது.
மத்தியானம் தம்பி வந்தான். தலை முழுக்க நரைத்திருக்கிறது.
“வலிக்குதாக்கா?”
“சிரிச்சா வலிக்கும்.”
“அப்ப நான் வாயே தொறக்கல.”
சிரித்துத் தொலைத்தேன். உயிர் போய் உயிர் வந்தது.
ஸ்கேன் எடுத்தாயா என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏப்ரல் 14
தெருமுனை வரை தனியாக நடந்தேன். திரும்பி வந்து செருப்போடு தூங்கிவிட்டேன்.

மே 5
தம்பி போன் செய்தான். “எடுத்துட்டேன்.”
“சரி, என்ன சொன்னாங்க?”
“உன்னோடதவிடப் பெருசாம். எதுலயும் உனக்குக் கீழ இருக்க மாட்டேனே.” சொன்ன வேகத்தில் போனை வைத்துவிட்டான்.

ஜூன் 9
அதே ஆஸ்பத்திரி. இன்று வெளியே காத்திருப்பது நான். ஆபரேஷன் நேற்றே நல்லபடியாக முடிந்துவிட்டது. இன்னும் யாரையும் உள்ளே விடவில்லை. அவன் மனைவி என் தோளில் சாய்ந்தபடி தூங்குகிறாள்.
நர்ஸ் வந்து சிரித்தாள். “நீங்கதான் அக்காவா? கண்ணு முழிச்சதுலேருந்து, ‘அக்கா பேச்சக் கேட்டு மாட்டிக்கிட்டேன்’னு உங்களத்தான் திட்டிக்கிட்டிருக்காரு.”
“நல்லாத் திட்டட்டும்மா,” என்றேன்.
ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துத் திட்ட வேண்டாமா?