திங்கட்கிழமை ஹெல்மெட் போடாதே

அன்பு மகன் லூசியனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், பயத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால். நீ எப்படி இருக்கிறாய் என்று செய்தித்தாள் தினமும் சொல்கிறது. உன் வாயால் கேட்கத்தான் வழியில்லை, நேற்றிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது.

ஊரில் மழை இல்லை, வெண்டை மட்டும் காய்த்துத் தள்ளுகிறது, எல்லார் வீட்டிலும் அதைப் போட்டு கம்போ சூப் கொதிக்கிறது, எல்லார் வாயிலும் நீதான். ஃபுட்பால் பயிற்சி முகாமுக்குப் போயும் ஹெல்மெட் போடாமல், புது ஒப்பந்தம் தந்தால்தான் ஓடுவேன் என்று ஓரத்தில் கைகட்டி நிற்கும் உன் படம் முடிவெட்டும் கடையில் ஒட்டியிருக்கிறது. கடைக்கார ராய்ஸ் என்னை நிறுத்தி, "வெர்லீனக்கா, கையெழுத்துன்னா கையெழுத்துதான், ஆம்பளைன்னா போட்ட வாக்கு மாறக்கூடாது" என்றான். பக்கத்தில் அவன் மூன்றாவது மனைவி தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிறன்று பாஸ்டர் மழைக்காகவும், நீ நல்ல புத்தியோடு ஆட்டத்துக்குத் திரும்புவதற்காகவும் சேர்த்தே ஜெபித்தார். இரண்டும் நடக்கவில்லை. அவருக்கு மோசமான வாரம்.

இதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. அப்பா செய்ததுதான் பொருட்டு. உன் அணி இருக்கும் ஊரின் ரேடியோவைப் போனில் ஓடவிட்டபடிதான் அவர் தோட்டத்தில் வேலை செய்வார், தெரியுமே. புதன்கிழமை அதில் யாரோ கூப்பிட்டு, "சம்பளம் பத்தலைன்னு படுத்துக்கிட்டானே அந்தப் பய, அவனைச் சொல்லக்கூடாதுய்யா, வளத்தவங்களைச் சொல்லணும்" என்றானாம். வெண்டைக்காய்க் கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்பா அந்த ரேடியோவின் எண்ணுக்கு அடித்தார். நான் ஜன்னல் வழியே பார்த்தேன், இன்சூரன்ஸ்காரனிடம் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். "வளத்தவன் நான்தான்யா பேசுறேன். எம்பையன் காலையில படியில முன்னால பார்த்து இறங்க முடியாம, கம்பியைப் பிடிச்சு பின்பக்கமா இறங்குறான். அந்த முட்டியை உங்க டீமுக்குத்தான்யா குடுத்திருக்கான், இன்னும் என்ன வேணும்" என்று கேட்டிருக்கிறார். ரேடியோக்காரர் மிகுந்த மரியாதையோடு நன்றி சொன்னாராம். அவ்வளவு மரியாதையாக ஒருவர் நன்றி சொன்னால் நம்மிடமிருந்து ஏதோ பறிபோய்விட்டது என்று அர்த்தம். சாயங்காலம் உன் ஏஜெண்ட் எனக்குப் போன் செய்து, "அம்மா, ஐயாவோட போனைக் கொஞ்ச நாளைக்கு நீங்க வாங்கி வச்சுக்க முடியுமா" என்றார். அப்பா பேசியதைக் கேட்டு, முட்டியை ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று அணி கேட்டிருப்பதையும், தேறாது என்று அவர்கள் டாக்டர் எழுதிவிட்டால் உன்னை அனுப்பிவிடலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். அப்பாவிடம் சொன்னேன். எழுந்து போய் வாசலில் நிற்கும் நம் லாரியில் உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை.

நீ போட்ட ஒப்பந்தத்தை நானும் படித்திருக்கிறேன். பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து, யாரும் படிக்காததைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள் நான். அதில் நீ கொடுத்த வாக்கு பக்கம் பக்கமாக இருக்கிறது. அவர்கள் கொடுத்த வாக்கு, பிடிக்கும்வரை வைத்துக்கொள்வோம் என்பது. கல்யாணத்தில் ஒருவன் இப்படி உறுதிமொழி சொன்னால் பாஸ்டர் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவர்கள் ஒருவனை நீக்கினால் அதற்குப் பெயர் வியாபாரம், அவன் கூடக் கேட்டால் பேராசை. ஆகவே நீ கேட்பது தப்பு என்று சொல்லமாட்டேன். நீ ஏமாந்துபோனாய் என்றும் சொல்லமாட்டேன். எல்லாம் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாய், நாங்களும் கேக் வெட்டினோம். என்னைத் தூங்கவிடாதது வேறு. புது ஒப்பந்தத்தை நீ இவ்வளவு அவசரமாகக் கேட்பது நன்றாக ஓடுகிறாய் என்பதாலா, கால் போவதற்குள் வாங்கிவிடவேண்டும் என்பதாலா? ஜூனில் வந்தபோது நீ படியிறங்கியதை நானும் பார்த்தேன். கேட்டதற்கு, "சும்மா வெளையாட்டும்மா" என்றாய்.

இன்று காலை செய்தியில், அப்பா சொன்னது பொய் என்று காட்ட நீ திங்கட்கிழமை ஹெல்மெட் போட்டு முழுப் பயிற்சி எடுக்கப்போவதாக வந்திருக்கிறது. கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மலைபோல் நாலு பேர் மேலே வந்து விழ விழ ஓடுகிற வேலை உன்னுடையது. வலிக்கிற முட்டியோடு, ரோஷத்துக்காக, புது ஒப்பந்தமும் இல்லாமல் அதைச் செய்தால், மறுநாள் பேரம் பேச உன்னிடம் காலே இருக்காது. ரேடியோவில் ஏசியவன் அடுத்த வாரம் வேறொருவனை ஏசப் போய்விடுவான். அவனுக்கு ஒன்றும் நிரூபிக்காதே. அணியின் டாக்டர் தொடுவதற்கு முன் அவர்களிடம் சம்பளம் வாங்காத டாக்டர் ஒருவரிடம் காலைக் காட்டு. நன்றாக இருக்கிறது என்றால் தலைநிமிர்ந்து கேள், தராவிட்டால் ஓரத்திலேயே நில். நன்றாக இல்லை என்றால் எனக்குச் சொல், ராய்ஸுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. கண்டவர் தரும் வலி மாத்திரையைப் போடாதே. வலி தெரியவேண்டும்.

கடவுள் உன் தலையையும் காலையும் காப்பாராக, பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மறந்துவிடாதே, திங்கட்கிழமை ஹெல்மெட் வேண்டாம். அப்பா இன்றும் லாரியில்தான் உட்கார்ந்திருக்கிறார், இந்தத் தாளை எடுத்துப்போய் அவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் வைத்திருந்து கீழே எழுதித் தந்திருக்கிறார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா வெர்லீன்

தம்பி, நான் பேசினது தப்பு. ஆனா பொய் இல்ல. அது உனக்கும் தெரியும். ஓடாதடா.
அப்பா