கரடிக்குள் இருந்தவன்

மே 4, 2025. ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயரலாம் என்று பார்த்தால் கூடத்தில் குரங்கு ஒன்று சிரிக்கிறது. டிவியில்தான். மருமகள் பெனிட்டா டீச்சர், இப்போது பள்ளிக்கூடம் லீவு. மிருகங்கள் நடித்த பழைய தமாஷ் படங்களாக யூடியூபில் தேடிப் பிடித்து, நாளுக்கு ஒன்றாகப் போடுகிறாள். நேற்று ஓர் ஆடு தாசில்தார் ஆபீஸில் புகுந்து ஃபைலைத் தின்றது. என் வீட்டுக்காரி பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எதையாவது சொன்னால் இவள் உதடுகூட அசையாது. ஆடு தின்றால் சிரிப்பு வருகிறது.

டைட்டிலில் அந்த ஆட்டுக்குப் பெயர் போட்டிருந்தான், தனி எழுத்தில். அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை சுட்டது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

இன்று யானை. மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். சிரிப்புச் சத்தம் அங்கேயும் வருகிறது.

மே 8, வியாழன்

நினைத்தது நடந்துவிட்டது. கரடிப் படமும் கிடைத்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்கிறாள் பெனிட்டா. என் மகன் ரெக்ஸ் சோற்றில் கையை வைத்துக்கொண்டே, அது அப்பா நடிச்ச படமாச்சே என்று கண்ணடித்தான். பாக்கியம் குழம்பை ஊற்றிக்கொண்டே பெனிட்டாவிடம் சொன்னாள்: "உங்க மாமா எங்க நடிச்சாக? கரடி விட்டாக."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தப் பகிடிக்கு வயது நாற்பத்தேழு. இன்னும் புளிக்கவில்லை அவர்களுக்கு.

எழுதி வைக்கிறேன். யார் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. 1976இல் வைகை அணையில் நான் தற்காலிக வேலையாள். அந்தப் படத்தை அங்கேதான் எடுத்தார்கள். கரடி வேஷம் போட வந்த ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். இங்கன எவனுக்குடா நல்லா நீச்சல் தெரியும் என்று கேட்டுக்கொண்டு வந்தான் ஒருவன். எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள். மூன்று நாள் அந்தக் கரடிக்குள் கிடந்தேன். உள்ளே சாக்கு, வெளியே பசை தடவி ஒட்டிய முடி. பார்ப்பதற்கு மூக்கில் இரண்டு ஓட்டை. ஹீரோ கரடியை எட்டி உதைக்கிற சீனில் அவன் நிஜமாகவே உதைத்தான். ஏழு தடவை!

படம் வந்ததும் தேனியில் முதல் ஆட்டத்துக்கே போனேன். டைட்டில் ஓடியது. 'கரடி – ஜிம்போ' என்று போட்டான். ஜிம்போவாம். இல்லாத கரடிக்குப் பெயர் இருக்கிறது, உள்ளே வெந்து கிடந்தவனுக்கு இல்லை. அப்படியே எழுந்து வெளியே வந்தவன்தான். அந்தப் படத்தை இன்றுவரை பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் பேசினார்கள். தரகர் வாய் சும்மா இருக்காமல், மாப்பிள்ளை சினிமாவில் நடித்தவர் என்று ராயப்பன்பட்டியில் சொல்லிவிட்டார். பாக்கியம் வீட்டில் பதினோரு பேர் கிளம்பி, கம்பத்தில் ஓடிய அந்தப் படத்துக்குப் போய், மூன்று மணி நேரம் என் முகத்தைத் தேடியிருக்கிறார்கள். இருந்தால்தானே கிடைக்கும்? அவளுடைய அண்ணன் நேரே வந்து கேட்டார். நான்தான் அந்தக் கரடி என்றேன். அதற்குள் கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. நிறுத்த முடியாது. பொய்க்காரனைக் கட்டிக்கொள்கிறோம் என்ற நினைப்போடுதான் அவள் எனக்குக் கழுத்தை நீட்டினாள்.

அன்றிலிருந்து நான் சொல்கிற எதற்கும் இன்னொரு சாட்சி வேண்டும் அவளுக்கு. பேங்குக்குப் போனேன் என்றால் பாஸ்புக்கைப் பார்ப்பாள். நெஞ்சு வலிக்கிறது என்றால் ரெக்ஸ் வந்து தொட்டுப் பார்க்கணும்.

மே 9, வெள்ளி

ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன். ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ரெக்ஸ் ஸ்கூட்டர் சாவியை எடுத்து வைத்துக்கொண்டான். மதுரையில் ஞாபக மறதி டாக்டரிடம் புதன்கிழமைக்கு நேரமும் வாங்கிவிட்டான். இன்று டாக்டருக்குக் கொடுக்கவேண்டிய ஃபாரம் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. பெனிட்டாவின் கையெழுத்து, கரும்பலகையில் எழுதுவதுபோல் அச்சாக இருக்கும். 'நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார். உதாரணம்: சினிமாவில் கரடியாக நடித்தது.'

என் வாழ்க்கையில் மூன்று நாள். அது இப்போது வியாதி ஆகிவிட்டது.

என்ன தாயி இது என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துப்போய், டாக்டர் எல்லாத்தையும் எழுதச் சொன்னாக மாமா என்றாள். பாக்கியம் சொல்லித்தான் எழுதியிருக்கிறாள், எனக்குத் தெரியாதா?

ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. இப்படியே எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு நாள் நானே நம்பாமல் போய்விடுவேனோ? அணைத் தண்ணீர், பாறை, அந்த முடியின் நாற்றம் – எல்லாம் நானாகக் கட்டிய கதைதான் என்று தோன்றிவிடுமோ?

மே 10, சனி

யாரோடும் பேசவில்லை. அவர்களுக்கு அது தெரிந்ததா என்பதும் தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

சாயங்காலம் படத்தைப் போட்டார்கள். நான் டிவிக்கு முதுகைக் காட்டிப் பேப்பரை விரித்துக்கொண்டேன். எழுந்து போயிருக்கலாம். போனால், மாட்டிக்கொள்வோம் என்று ஓடிவிட்டான் கிழவன் என்பார்கள். அதனால் உட்கார்ந்திருந்தேன். ஹீரோ உதைக்கிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு இடுப்பு வலித்தது. சிரிங்கடா, சிரிங்க.

பிறகு அணை சீன். பரிசல் கவிழ்ந்து குழந்தை தண்ணீரில் விழ, பாறைமேலிருந்து கரடி குதித்துக் காப்பாற்றும். குழந்தை அலறிய சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது பாக்கியம், "நிப்பாட்டு. திருப்பிப் போடு" என்றாள்.

பெனிட்டா திருப்பினாள். பாக்கியம் மறுபடி நிறுத்தச் சொன்னாள். மறுபடி திருப்பச் சொன்னாள். நாலாவது தடவை நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கரடி பாறை விளிம்புக்கு வருகிறது. கீழே பார்க்கிறது. கையைத் தூக்கி நெற்றியில் வைக்கிறது, பிறகு நெஞ்சில், பிறகு இந்தத் தோள், அந்தத் தோள். குதிக்கிறது. கண்மூடித் திறக்கிற நேரம்தான். ஈ ஓட்டுது அத்தை என்றாள் பெனிட்டா.

"ஈ ஓட்டல. சிலுவை போடுது. அதுவும் பீச்சாங்கையில" என்றாள் பாக்கியம்.

எனக்கு இடது கைதான் முன்னால் வரும். பூசையில் பக்கத்தில் நின்று, சாமியார் பார்க்கிறாக என்று ஒவ்வொரு ஞாயிறும் என் கையைத் தட்டிவிடுகிறவள் அவள்தான். இன்று காலையிலும் தட்டிவிட்டாள்.

சத்தியமாக எனக்கு அப்படிச் செய்த ஞாபகமே இல்லை. நனைந்தால் அந்த வேஷம் ஓர் ஆள் கனம் கனக்கும். முங்கினால் எழும்ப முடியாது என்று தெரிந்தேதான் நின்றேன். கேமரா ஓடுவதெல்லாம் யாருக்கு நினைவு? பயத்தில் கை தானாகப் போயிருக்கிறது.

பாக்கியம் என்னைப் பார்த்து, "அது நீங்களா?" என்று கேட்டாள்.

"நாப்பத்தேழு வருசமா வேற என்னடி சொல்லிக்கிட்டு இருக்கேன்?"

சொல்லிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். கோபம் இரண்டு மடங்காகத்தான் ஆனது.

மே 12, திங்கள்

கூத்தைக் கேளு. காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஜோதிலட்சுமியிடம், எங்க வீட்டுக்காரரு அந்தக் காலத்துலயே சினிமாவுல நடிச்சவரு, இதுகதான் நம்பல என்று அளக்கிறாள் பாக்கியம். இதுகளாம்! ரெக்ஸ் அந்தக் கரடியைத் தன் போனில் ஸ்டேட்டஸாக வைத்திருக்கிறான். ஸ்கூட்டர் சாவி ஆணியில் தொங்குகிறது. எல்லாரும் குழைகிறார்கள், தப்பு என்ற சொல் மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. நான் சொன்னபோது பொய், டிவி சொன்னால் உண்மையா?

ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு வரியும் அடிக்கப்பட்டிருக்கிறது. பெனிட்டா அடித்திருந்தால் ஸ்கேல் வைத்து அடித்திருப்பாள். இது கோணல் மாணலாக, பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தது. பாக்கியம் பேனா பிடித்தால் அப்படித்தான் இருக்கும்.

மே 14, புதன்

மதுரைக்குப் போய்விட்டு வந்தோம். போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். பால் பொங்கித் தீய்ந்தது நிஜம்தானே. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

போகும்போது ரெக்ஸ் கார் ஓட்டினான். நானும் பாக்கியமும் பின்னால். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்: "உள்ள ரொம்ப வெக்கையா இருந்துச்சா?"

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொல்ல ஆரம்பித்தேன். உசிலம்பட்டி வரைக்கும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வெளிய வந்ததும் என்ன குடிக்கக் குடுத்தாக?" என்றாள்.

ஒருத்தரும் ஒண்ணும் தரலை என்றேன்.

பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி நீட்டினாள். தாகமாக இல்லை. வாங்கிக் குடித்தேன்.