அறைக்கதவைத் தாண்டாத பெட்டி

இன்று காலை ஹார்ட்வேர் கடையில் முதலாளி தவுக்கே யாருக்கோ மரப்பசை டப்பாவைத் திறந்து காட்டினார். அந்தப் புளித்த வாசம் வந்ததும் உங்கள் கைதான் ஞாபகம் வந்தது. விரலெல்லாம் காய்ந்த பசையோடு சோற்றுத் தட்டில் கைவைத்து என்னிடம் திட்டு வாங்குவீர்களே, அந்தக் கை. உங்கள் மின்ரம்பத்துக்குப் புது பிளேடு வாங்கப் போனவள், ஆணி அடுக்குப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றுகொண்டேன்.

பிளேடு எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் பெட்டியை அறுக்கத்தான்.

டத்தோ கிராமாட்டில் நாம் குடியிருந்த இந்த வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். நிபோங் திபாலிலிருந்து நம் மகள் வந்து கட்டில், அலமாரி எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டாள். பின்னறையில் நீங்கள் செய்த சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நானும்தான்.

அதைச் செய்யக் கிளம்பியபோது இதே கடைக்குத்தான் போனோம். தைப்பூசத்துக்கு உங்கள் கூட்டாளிகள் போடும் தண்ணீர்ப் பந்தலில் பாட்டு நெஞ்சில் அடிக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. உள்ளதிலேயே பெரிய வட்ட ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றீர்கள்.

"நேர் வெட்டெல்லாம் பலகைக் கடையிலயே வெட்டிக் குடுத்துருவாங்க. ஸ்பீக்கருக்கு வட்டமா ஓட்டை போடத்தானே வேணும்? சின்னது போதும்ங்க," என்றேன்.

"அதுவும் சரிதான் லா," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இந்தச் சின்ன மின்ரம்பத்தை எடுத்தீர்கள். அந்தக் குறையைக் கிளாம்ப்பில் தீர்த்துக்கொண்டீர்கள். "இது மட்டும் எத்தன இருந்தாலும் பத்தாது. இறுக்கிப் பிடிக்கலன்னா பசை ஒட்டாது, காத்து ஒழுகும்," என்று கொக்கியில் தொங்கியதையெல்லாம் அள்ளினீர்கள்.

பலகையை அளந்தீர்கள். ஸ்பீக்கரை இரண்டு தரம் அளந்தீர்கள். பெட்டியை ஒட்டி முடித்ததும் ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டை ஓடவிட்டு, ஊதுபத்தி கொளுத்தி மூலை மூலையாகக் காட்டினீர்கள். புகை வளையவில்லை. "பாத்தியா, துளி காத்துகூட வெளிய போவாது." அந்தப் பெருமையில் அறைக்கதவை அளக்க உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் கூட்டாளிகள் வேனோடு வந்தார்கள். நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள், கதவையே கழற்றிப் பார்த்தார்கள். நிலைச்சட்டம் வழிவிடவில்லை. "அண்ணே, பொட்டிய செஞ்சிட்டு அப்புறமா வீட்ட கட்டினீங்களா?" என்று ஒருவர் கேட்க, உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. திருகாணியைக் கழற்றினாலும் பசை விடாது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு நீங்கள் இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு மகள் தன்னோடு வந்து இருக்கக் கூப்பிடும்போதெல்லாம், "அப்பா பொட்டி இருக்கே, அத விட்டுட்டு எப்படி வர்றது?" என்றே சொல்லி வந்தேன். அவளும் நம்பினாள். உள்ளே இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. கடைத்தெரு வரை போனால், உங்களைத் தனியாக விட்டுவிட்டு வந்ததுபோல் அங்கேயும் முட்டுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மத்தியானம் பென்சில் கோடு போட்டு மின்ரம்பத்தை ஓட்டினேன். விரல் நீளம் போயிருக்கும், நிறுத்திவிட்டேன்.

"ஏம்மா, பொட்டி ஆடுதா? நான் நல்லா பிடிச்சிருக்கேன், அறுங்க," என்றாள் மகள்.

"பொட்டி என்னடி பண்ணுச்சு? கதவு பெருசா இருந்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன்."

அவள் என் கையிலிருந்து ரம்பத்தை வாங்கிக்கொண்டாள். அவள் அறுக்க, நான் பிடித்துக்கொண்டேன். நீங்கள் போட்ட பசை லேசில் விடுகிறதா? பாதிதான் ஆகியிருக்கிறது. நாளை மிச்சமும் முடிந்துவிடும். அதன் பிறகு நான் இங்கே இருக்க ஒரு சாக்கும் கிடையாது.

மகள் தூங்கிவிட்டாள். பெட்டியைப் பிடித்திருந்த என் உள்ளங்கை இன்னும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நிபோங் திபாலுக்கு நான் கொண்டு போவது இந்த அதிர்வை மட்டும்தான். இது அடங்கிவிடக் கூடாதே என்றுதான் பயமாக இருக்கிறது.