எட்டுக் கைகளின் படம்

ஹட்டன்,
7.8.1962

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

இங்கு நானும் உன் கணவனும் நலம். துறையூரில் உன் அப்பா அம்மா சுகமாக இருப்பார்கள் என நம்புகிறேன்.

“நான் திரும்பி வர வேண்டும் என்று அவருக்கு எண்ணம் இருக்கிறதா, இல்லையா?” என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. அழகுமுத்து என் தம்பி; முப்பத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். ஆனாலும் தெரியாது. உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்து, மடித்து, “சரிக்கா” என்றான். அதிலிருந்து நீ என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, தச்சர்களுக்கு மரம் அறுக்கும் வாள் செய்து விற்கப்போகிறேன் என்று அவன் சொன்ன வாரம் நீ கிளம்பினாய். உன்னைக் குறை சொல்லமாட்டேன். முதல் பெரிய ஆர்டரை முடித்துக் கொடுத்தால் உனக்கு நம்பிக்கை வரும் என்றிருந்தேன். அதுதான் இப்போது கெட்டுக் கிடக்கிறது.

தலவாக்கலையில் மேசை, அலமாரி செய்யும் ஒரு பட்டறையின் ஆர்டர். பலகை மூலைகளைப் பொருத்துவதற்கு வெட்டும் சிறிய வாள், எட்டுத் தச்சர்களுக்கு எட்டு. வாங்குகிறவர் கைக்கு அளவாகவே கைப்பிடியைச் செதுக்குவான், பெருவிரலுக்கு ஒரு பள்ளத்தோடு. ஆள் நேரில் வராவிட்டால் கையைக் காகிதத்தில் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்ப வேண்டும்.

எட்டுப் படங்களும் வந்தன. எல்லாவற்றிலும் பெருவிரல் வலப்பக்கம். “அக்கா, எட்டுப் பேருமே நொட்டாங்கைக்காரங்க! அதிசயத்தப் பாருங்க” என்றான். அதிசயத்தைப் பார்த்துவிட்டு நான் விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன். அவன் இரண்டு மாதம் உட்கார்ந்து எட்டு இடக்கை வாள்களைச் செய்து முடித்தான்.

வலக்கைக்காரன் பென்சிலை வலக்கையில்தான் பிடிப்பான். காகிதத்தில் வைப்பது இடக்கையாகத்தான் இருக்கும். இது அவனுக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்குக் கோணமும் வட்டமும் வரைந்து கேத்திரகணிதம் கற்பிக்கிற எனக்கும் தோன்றவில்லை. பட்டறைக்குக் கடிதம் எழுதியதே நான்தான். எந்தக் கையை வரைய வேண்டும் என்று எழுதவில்லை.

ஆர்டரைப் பிடித்துத் தந்த இரும்புக்கடை சரிபுதீன் நேற்று வந்து ஒரு வாளை எடுத்தார். மறு கைக்கு மாற்றிப் பார்த்தார். “ஏன் தம்பி, எட்டு நொட்டாங்கையங்கள நா எங்க போய்ப் புடிப்பேன்? அவங்க மேஸ்திரி ரெண்டு நாள்ல வர்றாரு, நீங்களே பேசிக்கங்க” என்றார். உன் கணவன் என்ன சொன்னான் தெரியுமா? “தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்றான்.

இந்த ஆர்டர் போனால் பழைய வேலைக்குப் போவானா, உன் பின்னால் அங்கே வருவானா, சொல்லமாட்டான். நீ திரும்பி வரும் விசா இம்மாதம் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதன்பின் நீங்கள் இருவரும் விரும்பினாலும் நடக்காது. அவனுக்கும் தெரியும். ஒரு தபாலட்டையில் நான்கு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

நான் உன்னை வா என்று எழுதமாட்டேன். அது அவன் எழுத வேண்டியது. ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்ன உன் புடவைப் பெட்டியை மட்டும் இன்னும் அனுப்பவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

நீ எங்கிருந்தாலும் குறைவில்லாமல் இரு.

அன்புடன் அண்ணி,
சிவபாக்கியம்

8.8.1962

நேற்றுத் தபாலில் சேர்க்க நேரமில்லை. இன்று காலை பட்டறை மேஸ்திரி சின்னத்தம்பி வந்தார். வாளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எதுக்குய்யா இது, கண்ணாடிக்குள்ள நின்னு அறுக்கவா?” என்றார். பிறகு இடக்கையாலேயே தடுமாறி ஒரு பலகையை அறுத்தார். வெட்டைத் தடவினார். “வாளு தங்கம். கைப்பிடிய மட்டும் மாத்தி இருபத்தஞ்சாந் தேதி கொண்டாந்து குடுத்துரு” என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அழகுமுத்து, “இருபத்தஞ்சு முடியாதுங்க” என்றான். தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது.

“இருபத்தொம்பது தர்றேன். இருபத்தஞ்சாந் தேதி நா தலைமன்னார்ல நிக்கணும். வீட்டுல கப்பல்ல வர்றாங்க.”

மேஸ்திரி சரியென்று போய்விட்டார். நீ வருவதாக எங்கள் யாருக்கும் எழுதவில்லை என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.